அயோவாவின் ஜூலையும் நம் முட்டை விலையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் கோழித் தீவன விலையைப் பற்றி எழுதும்போது, அது அயோவா போன்ற அமெரிக்க நடுமேற்கு மாநிலங்களில் ஜூலை மாதம் சோளமும் சோயாவும் எப்படி நிற்கின்றன என்பதையும் பொறுத்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதி வைத்தேன். வாசகர்கள் அந்த வரியை விடுவதாக இல்லை. முட்டைப் பண்ணை வைத்திருப்பவர், சோயாப் பால் விற்பவர், செம்பனைத் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை எனப் பலரும் அதையே கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிறையில் ஒரு தீவன ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி லாரியாகச் சோளத்தைக் குத்திப் பார்த்தவன் நான். அந்த அனுபவத்தையும், தொழிலுக்காகத் தொடர்ந்து படித்து வந்த அறிக்கைகளையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். அயோவா வயலில் கால் வைத்தவன் அல்லன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் பத்தாயிரம் முட்டைக் கோழிகள் உள்ளன. தீவனம் தரும் விற்பனையாளர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் புலனத்தில், "அமெரிக்கச் சோளம் நன்று, மிக நன்று இத்தனை விழுக்காடு" என்று ஒரு செய்தி அனுப்புகிறார். எண் குறைந்தால் விலை ஏறப்போகிறது என்கிறார். கூடினால் ஒன்றும் சொல்வதில்லை. யார் தரும் எண் இது? நம்பலாமா?
— முட்டைப் பண்ணையாளர், சுங்கை பாக்காப், பினாங்கு

பதில்: எண் உண்மையானதுதான். உங்கள் விற்பனையாளர் பாதியை மட்டும் படித்துச் சொல்கிறார், அவ்வளவே.

அமெரிக்க வேளாண் துறையின் புள்ளிவிவரப் பிரிவு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரந்தோறும் திங்கட்கிழமை, வாஷிங்டன் நேரப்படி மாலை 4 மணிக்குப் பயிர் முன்னேற்ற அறிக்கையை வெளியிடுகிறது. கோடையில் வாஷிங்டனுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம் என்பதால், இங்கே அது செவ்வாய் விடியற்காலை 4 மணி. நீங்கள் கோழிக்குத் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் அந்த எண் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குக் காரணம் இதுதான்.

சோளத்துக்கும் சோயாவுக்கும் தலா 18 மாநிலங்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். வேளாண் விரிவாக்க அலுவலர்களும், தொழில் காரணமாக விவசாயிகளோடு அன்றாடம் பழகுபவர்களுமாக ஏறத்தாழ 3,600 பேர் தத்தம் வட்டாரப் பயிரைக் கண்ணால் பார்த்து, மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று என ஐந்து தட்டுகளில் விழுக்காடாகப் பிரித்துத் தருகிறார்கள். கடைசி இரண்டு தட்டுகளையும் கூட்டி வருவதுதான் உங்களுக்கு வரும் எண். இதில் தராசும் இல்லை, அளவுகோலும் இல்லை. நம் பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் ஓர் ஆசிரியரின் "நன்று" இன்னோர் ஆசிரியரின் "சுமார்" ஆக இருப்பதைப்போல, நெப்ராஸ்காக்காரரின் கண்ணும் ஒஹாயோக்காரரின் கண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், அதே ஆள் அதே வட்டாரத்தை வாரந்தோறும் பார்க்கிறார் என்பதால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் உண்மை அதிகம். எண் 68 என்பதைவிட, 73இலிருந்து 68க்கு இறங்கியது என்பதே செய்தி.

விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அயோவாவும் இல்லினாயும் தனித்தனியே எப்படி இருக்கின்றன என்பது. இவ்விரு மாநிலங்களும் சேர்ந்து அமெரிக்கச் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் விளைவிப்பவை. மற்றொன்று, அந்த வாரம் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பது. அதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன். கணக்கெடுப்பை வைத்துச் செய்யும் விளைச்சல் கணிப்பு ஆகஸ்டு மாத அறிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு விவசாயிகளிடமே நேரடியாகக் கேட்கிறார்கள். செப்டம்பரிலிருந்து அலுவலர்கள் வயலில் இறங்கிக் கதிரை எண்ணி, எடை போட்டும் பார்ப்பார்கள். அதுவரை எல்லாம் கண் மதிப்புதான்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் குடும்பத்தோடு அயோவா மாநிலத்தில் இருக்கிறாள். சோள வயலின் ஓரத்தில் பேரனை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பையனைக் காணவில்லை, பயிர்தான் தெரிகிறது. "முழங்கால் உயரம் இருந்தால் போதும் என்பார்களாம், இங்கே ஆள் உயரம் நிற்கிறது" என்று எழுதியிருந்தாள். பயிர் இவ்வளவு உயரம் என்றால் விளைச்சலும் அவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதானே பொருள்?
— ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உயரம் மகிழ்ச்சி தரும் செய்திதான், அம்மா, விளைச்சலைச் சொல்லும் செய்தி அன்று. ஜூலை 4ஆம் தேதிக்குள் முழங்கால் உயரம் என்பது அந்நாட்டு விவசாயிகளின் பழைய சொல்வழக்கு. இக்கால விதைகளை ஏப்ரல் கடைசியிலும் மே மாத முற்பாதியிலும் விதைத்துவிடுவதால், ஜூலை முதல் வாரத்தில் இடுப்பையும் தோளையும் தாண்டுவது இயல்பாகிவிட்டது. அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல்வழக்கு மட்டும் போகவில்லை.

ஜூலை நடுப்பகுதியில்தான் காரியம் நடக்கிறது. பயிரின் உச்சியில் விரியும் ஆண் பூங்கொத்து இலட்சக்கணக்கான மகரந்தத் துகள்களை உதிர்க்கிறது; பெரும்பாலும் காலைப் பொழுதில், பனி உலர்ந்த பின்னர். தண்டின் நடுவில் இருக்கும் கதிரிலிருந்து இளம்பச்சை நூல்கள் வெளியே வந்து தொங்குகின்றன. நாம் வேகவைத்த சோளத்தைத் தின்னும்போது பல்லில் சிக்கும் அந்த நூல்தான். ஒவ்வொரு நூலும் கதிரில் உள்ள ஒரே ஒரு மணியின் கருவோடு இணைந்திருக்கிறது. ஒரு நூலுக்கு ஒரு மணி. அந்த நூலில் ஒரு துகள் விழுந்து முளைத்து, உள்ளே இறங்கிச் சேர்ந்தால்தான் அந்த இடத்தில் மணி பிடிக்கும். விழாவிட்டால் அங்கே பொக்கு. அடுத்த முறை பாசாரில் சோளம் வாங்கும்போது, நுனியில் இரண்டு விரற்கடை மொட்டையாக இருந்தால் அதை வீசிவிடாமல் உற்றுப் பாருங்கள். நுனி மணிகளின் நூல்கள்தாம் கடைசியில் வெளிவருபவை. அவை வந்தபோது மகரந்தம் தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது பிடித்த மணிகளுக்கே தண்ணீர் போதாமல் பயிர் அவற்றைக் கைவிட்டிருக்கலாம்.

அந்த இரண்டு மூன்று வாரங்களில் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால், நூல் வெளிவருவது தாமதமாகிறது. மகரந்தமோ தன் நேரத்துக்கு உதிர்ந்துவிடுகிறது. மாப்பிள்ளை வந்து காத்திருந்து திரும்பிய பிறகு பெண்ணை அலங்கரித்து என்ன பயன்? வெப்பம் 35 பாகையைத் தாண்டி, காற்றும் வறண்டிருந்தால், வெளியே வந்த நூலே காய்ந்துபோகும். இந்தப் பருவத்தில் பயிர் ஒரு நாளைக்கு 7, 8 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீரைக் குடிக்கிறது. ஆகவே ஜூன் மாதம் கொஞ்சம் காய்ந்தால் பயிர் தாங்கும், வேரை ஆழமாக விட அது உதவுவதும் உண்டு. ஜூலை நடுவில் காய்ந்தால் ஆகஸ்டில் எவ்வளவு மழை பெய்தாலும் பிடிக்காத மணி பிடிக்காது.

மகளிடம் ஒரு சோதனை சொல்லுங்கள். வயல்காரரின் அனுமதியோடு, நூல் வெளிவந்து ஒரு வாரமான கதிர் ஒன்றைப் பறித்து, நூல்களைக் கலைக்காமல் தோகையை மட்டும் கத்தியால் நீளவாக்கில் கீறி மெதுவாக உரித்து, கதிரை நிமிர்த்திப் பிடித்து இலேசாக உதறிப் பார்க்கட்டும். கருவுற்ற மணியின் நூல் தானாகவே அறுந்து உதிர்ந்துவிடும். கருவுறாத மணியின் நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அங்குள்ள வேளாண் அலுவலர்கள் செய்வது இதைத்தான். ஆள் உயரப் படத்தைவிட, உதறிய பிறகு அந்தக் கதிரில் எத்தனை நூல் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் படத்தை எனக்கு அனுப்பினால் நான் அதிகம் மகிழ்வேன்.

கேள்வி: சந்தைப் பொருளாதாரம் படிக்கும் மாணவன் நான். பயிர் நிலை விழுக்காட்டுக்கும் இறுதி விளைச்சலுக்கும் தொடர்பே இல்லை என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— கல்லூரி மாணவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தொடர்பு உண்டு, தம்பி, எந்த மாதத்து விழுக்காடு என்பதுதான் கேள்வி. இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்.

2012இல் வசந்தம் சீக்கிரமே வந்தது. விவசாயிகள் விரைவாக விதைத்தார்கள். மே மாதத்தில் சோளத்தின் 77 விழுக்காடு நன்று, மிக நன்று என்றது அறிக்கை. ஏக்கருக்கு 166 புஷல் கிடைக்கும் என்று வேளாண் துறையும் கணித்தது. ஒரு புஷல் சோளம் என்பது 25.4 கிலோ. பிறகு ஜூன் காய்ந்தது, ஜூலை எரிந்தது. ஜூலை நடுவில் அந்த 77 விழுக்காடு 31 ஆனது. உலகச் சோள விலைக்கு அடையாளமான சிக்காகோ முன்பேரச் சந்தையில் ஆகஸ்டு மாதம் புஷல் 8 டாலரைத் தாண்டி இதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. இறுதியில் ஏக்கருக்குக் கிடைத்தது 123.1 புஷல்தான்.

2023இல் கதை தலைகீழ். மே, ஜூன் மாதங்களில் திடீர் வறட்சி. ஜூன் கடைசி வாரத்தில் நன்று, மிக நன்று 50 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆண்டின் அந்தக் கட்டத்தில் 1988க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. 1988 என்றாலே அந்நாட்டு விவசாயிகளுக்கு வறட்சி நினைவுக்கு வரும். அந்த ஆண்டு விளைச்சல் ஏக்கருக்கு 84.6 புஷல். 2023 ஜூனில் எங்கள் ஆலையின் கொள்முதல் மேசையில் எல்லா முகங்களும் வெளுத்திருந்தன. ஆனால் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும், அதாவது நூல் விடும் பருவத்தை ஒட்டி, மழை வந்து சேர்ந்தது. இறுதி விளைச்சல் 177.3 புஷல், அதுவரை இல்லாத சாதனை. ஜூன் மாத அச்சத்தில் அவசரமாக வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ஆகவே உன் நண்பர் மே, ஜூன் எண்களை வைத்துப் பேசினால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகஸ்டு இறுதி எண்ணை வைத்துப் பார்த்தால் அவர் வாதம் நிற்காது. கூடவே, வியாழக்கிழமைதோறும் வெளிவரும் வறட்சி வரைபடத்தையும் பார்த்து வா; செவ்வாய்க்கிழமை காலை வரையிலான நிலவரத்தை வைத்து, அதிலும் ஐந்து படிகளில் நிறமிட்டுத் தருகிறார்கள். ஆனால் அது காட்டுவது நீண்டகால ஈரப் பற்றாக்குறையையும் சேர்த்துத்தான். வரைபடம் சிவப்பாக இருந்தும் சரியான வாரத்தில் பெய்த இரண்டு மழையில் பயிர் தப்பித்துக்கொள்வது உண்டு.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர், நாம் சோளம் என்பது சோளமே அல்ல என்கிறாரே?
— வாசகி, கிள்ளான்

பதில்: அவர் ஊரில் சோளம் என்றால் சிறுமணித் தானியம், வெண்சோளம், நாம் தின்பது அவருக்கு மக்காச்சோளம். மலேசியத் தமிழில் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான். தாப்பா சாலையோரத்தில் போய் மக்காச்சோளம் கேட்டுப் பாருங்கள், விற்பவர் விழிப்பார். இந்தப் பகுதியில் நம் வழக்கத்தையே பின்பற்றுகிறேன். ஆனால் ஒன்று: சாலையோரத்தில் நாம் வாங்குவது பால் பிடித்த நிலையில் பறிக்கும் இனிப்புச் சோளம். அயோவாவில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது அதுவன்று. தண்டிலேயே முற்றிக் காயவிட்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இயந்திரத்தால் அறுக்கும் கடினச் சோளம். அதை வேகவைத்தால் உங்கள் உறவினரின் பல் போய்விடும்.

கேள்வி: நானும் என் கணவரும் சிறிய அளவில் சோயாப் பாலும் தெம்பேயும் செய்து விற்கிறோம். சோயா மூட்டை விலையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. சோளத்துக்கு ஜூலை முக்கியம் என்றால் சோயாவுக்கும் அப்படித்தானா?
— சிறுவணிகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை, அம்மா. சோயாவுக்கு ஆகஸ்டு மாதந்தான் பரீட்சை. சோளம் ஒரே மூச்சில் பூத்து முடிப்பது. அந்தச் சில நாள்கள் தவறினால் தவறியதுதான். சோயா அப்படி அவசரப்படாது. வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும்; பூத்ததில் பாதிக்கும் மேல் உதிர்ந்துபோவதே அதன் இயல்பு. இந்த வாரம் காய்ந்து பூ கொட்டினால், அடுத்த வாரம் மழை வந்ததும் மேல் கணுக்களில் மறுபடியும் பூத்துக் காய் பிடிக்கும். ஆகவே ஜூலை மாதச் சோயா அறிக்கையைப் பார்த்து யாரேனும் உங்களைப் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆகஸ்டில், காய்க்குள் பருப்பு நிரம்பும் நேரத்தில் மழை நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது காய் எண்ணிக்கை இருக்கும். மூன்று பருப்பு இருக்க வேண்டிய காயில் இரண்டு இருக்கும், அதுவும் சிறுத்துப்போயிருக்கும்.

உங்கள் தொழிலுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்கச் சோயாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மரபணு மாற்றப்பட்டது. எண்ணெய் ஆட்டுவதற்கும் பிண்ணாக்குக்கும் போவது அதுதான். பாலுக்கும் தௌஃபூவுக்கும் தெம்பேக்கும் வாங்கும் வெளிர்நிற விழி (பருப்பு காயோடு ஒட்டியிருந்த இடத்தின் தழும்பு) கொண்ட பெரிய பருப்பு பெரும்பாலும் மரபணு மாற்றப்படாத வகை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி ஒப்பந்தத்தில் பயிரிட்டு, கலப்படம் ஆகாமல் பிரித்தே கப்பலேற்றுகிறார்கள். ஆகவே சிக்காகோ விலையின் மேல் ஒரு கூடுதல் தொகை வைத்துத்தான் உங்களுக்கு விற்பார்கள். சிக்காகோவில் விலை இறங்கினாலும் உங்கள் மூட்டை அதே அளவுக்கு இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரரின் பேராசை மட்டும் காரணம் அன்று. அதுவும் சிறிது இருக்கலாம்.

கேள்வி: மழை நிறையப் பெய்தால் பயிர் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? மழை அதிகமாகிவிட்டது என்று அவர்கள் ஏன் புலம்புகிறார்கள்?
— வாசகர், காஜாங்

பதில்: நெல்லோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றும். சோளத்தின் வேருக்கு மூச்சு வேண்டும். இளம்பயிர் இரண்டு நாளுக்கு மேல் நீரில் மூழ்கி நின்றால் பிழைப்பது அரிது. பிழைத்தாலும், மண்ணில் இட்ட தழைச்சத்து நீரோடு இறங்கியும் காற்றில் கலந்தும் வீணாகி, வயலின் பள்ளப் பகுதி மஞ்சளாகிவிடும். சோயா தன் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாவின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சோளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2019 வசந்தத்தில் மழை விடாமல் பெய்ததால், விதைக்கவே முடியாமல் போன நிலம் எல்லாப் பயிர்களுக்குமாக 1 கோடியே 90 இலட்சம் ஏக்கருக்கு மேல்.

நடுக்கோடையில் மழையோடு நோயும் வரும். தென்திசைத் துரு நோய் என்ற பூசணம் அமெரிக்கக் குளிர்காலத்தைத் தாங்காது. ஒவ்வோர் ஆண்டும் வெப்ப நாடுகளிலிருந்து காற்றில் மிதந்து வடக்கே போய்ச் சேர வேண்டும். சீக்கிரம் போய்ச் சேர்ந்து, இலையும் ஈரமாக இருந்துவிட்டால், மணி நிரம்பும் முன்பே இலையைத் தின்றுவிடும். தார் துளிகள் சிதறியதுபோல் இலையில் கறுப்புப் புள்ளி வைக்கும் இன்னொரு நோய் 2015இல்தான் இல்லினாயிலும் இந்தியானாவிலும் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று சோள வட்டாரம் முழுவதும் அதற்கு அஞ்சுகிறது. காரின் சன்னல் வழியாகப் பார்ப்பவருக்குப் பயிர் பச்சையாகவே தெரியும். கதிருக்குக் கீழே உள்ள இலைகளைப் புரட்டிப் பார்ப்பவருக்குத்தான் விஷயம் தெரியும். வாராந்திர விழுக்காடு ஈரமான ஆண்டுகளில் சற்றுத் தாராளமாக வந்துவிடுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: சோளப் பயிர் வியர்க்கும் என்று படித்தேன். உண்மையா?
— எட்டாம் வகுப்பு அண்ணனும் ஆறாம் வகுப்புத் தங்கையும், பாயான் லெப்பாஸ்

பதில்: உண்மைதான், பிள்ளைகளே. ஓர் ஏக்கர் சோளம் நாளொன்றுக்குச் சராசரியாக 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை ஆவியாக வெளியிடுகிறது. அதனால் ஜூலையில் அயோவாவின் காற்று நம் பாயான் லெப்பாஸ் மதியத்தைப்போலப் பிசுபிசுவென்று ஆகிவிடும். இரவும் குளிராமல் போனால் பயிருக்கு நல்லதில்லை; பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடும், மணி எடை குறையும்.

கேள்வி: எனக்கு ஏழு ஏக்கர் செம்பனை. குலை விலை இறங்கும்போதெல்லாம், "சிக்காகோவில் சோயா எண்ணெய் இறங்கிவிட்டது" என்கிறார் தரகர். எங்கேயோ விளையும் சோயாவுக்கும் என் குலைக்கும் என்ன சம்பந்தம்?
— சிறுதோட்டக்காரர், கோல சிலாங்கூர்

பதில்: சம்பந்தம் உண்டு, தரகர் சொல்லும் அளவுக்கு நேரடியானது அன்று. 100 கிலோ சோயாவை ஆட்டினால் 18, 19 கிலோ எண்ணெயும் ஏறத்தாழ 80 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். இந்தியாவைப் போன்ற பெரிய இறக்குமதி நாடுகள் செம்பனை எண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் எது மலிவோ அதற்குத் தாவக்கூடியவை. சோயா எண்ணெய் இறங்கினால் நம் எண்ணெயும் இறங்கித்தான் அவர்களைப் பிடித்து வைக்க வேண்டும். ஆகையால் பங்குச் சந்தையில் செம்பனை எண்ணெய் முன்பேர வணிகம் செய்பவர்கள் காலையில் முதலில் பார்ப்பது இரவு சிக்காகோ எப்படி முடிந்தது என்பதைத்தான்.

ஆனால் அமெரிக்கச் சோயாப் பயிர் நன்றாக இருப்பதாலேயே எண்ணெய் மலிவாகிவிடும் என்பதில்லை. அங்கே சோயா எண்ணெயில் பெரும்பங்கு இப்போது உயிரி டீசலுக்குப் போகிறது. வாஷிங்டனில் எரிபொருள் கொள்கை மாறினால் பயிர் எப்படி இருந்தாலும் எண்ணெய் விலை தனியாக ஓடும். போதாததற்கு, அவர்கள் வயலில் சோயா காய் நிரம்பி அறுவடையாகும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரைதான் நம் நாட்டிலும் குலை வரத்து உச்சத்துக்கு ஏறும் காலம். அந்த மாதங்களில் விலை இறங்கினால் அதில் சிக்காகோவின் பங்கு எவ்வளவு, நம் ஆலைகளின் தொட்டிகளில் தேங்கிய எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தரகரிடம் சிக்காகோவைப் பற்றிக் கேட்பதைவிட, ஆலை உங்கள் குலைக்கு எத்தனை விழுக்காடு எண்ணெய் போட்டுக் கணக்கிடுகிறது என்று கேளுங்கள். பழுக்காத குலையை வெட்டிக் கொடுத்து இழப்பது, பல வாரங்களில், சிக்காகோவால் இழப்பதைவிட அதிகம்.

கேள்வி: அமெரிக்கப் பயிர் மோசம் என்று செய்தி வந்தால், தீவனத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைப்பது நல்லதா? என் கடையில் இருநூறு மூட்டை அடுக்க இடம் இருக்கிறது.
— தீவனக் கடைக்காரர், ரவாங்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் கோழி தின்னும் சோளத்தில் பெரும்பகுதி அயோவாவில் விளைந்ததன்று. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருவது. பிரேசிலின் இரண்டாம் போகச் சோளம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அறுவடையாவதால், அமெரிக்கர்கள் தங்கள் பயிரின் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் பிரேசிலின் துறைமுகங்களில் நமக்கான கப்பல்கள் நிரம்பிக்கொண்டிருக்கும். சரக்கு தெற்கிலிருந்து வருகிறது, விலை மட்டும் சிக்காகோவிலிருந்து வருகிறது. ஆகவே அமெரிக்கா காய்ந்து பிரேசில் கொழித்தால் நமக்கு அடி பாதிதான்.

கணக்கை எளிதாகப் போட்டுக்கொள்ளலாம். சிக்காகோவில் புஷலுக்கு 10 சென்ட் ஏறினால் டன்னுக்கு ஏறத்தாழ 4 டாலர். 30 சென்ட் ஏறினால் 12 டாலர், டாலர் 4.20 ரிங்கிட் என்று வைத்தால் டன்னுக்கு 50 ரிங்கிட். இப்போது சிக்காகோ அசையவே இல்லை, டன் 250 டாலரிலேயே நிற்கிறது, ஆனால் டாலர் 4.20இலிருந்து 4.40க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 50 ரிங்கிட் கூடிவிடும். பயிர் அறிக்கையைக் கண் கொட்டாமல் பார்ப்பவர்கள் நாணயமாற்று விலையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

முட்டைக்கு இது எவ்வளவு என்று சுங்கை பாக்காப் நண்பரும் கேட்டிருந்தார். ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவு தீவனம் தின்னும். அதில் பாதிக்குச் சற்று மேல், 60 கிராம், சோளம். டன்னுக்கு 100 ரிங்கிட் ஏறினால் கோழிக்கு நாளொன்றுக்கு 0.6 சென் கூடும். பத்தாயிரம் கோழிக்கு 60 ரிங்கிட், மாதத்துக்கு 1,800. நூற்றுக்குத் தொண்ணூறு கோழி முட்டையிட்டால், முட்டை ஒன்றுக்கு முக்கால் சென்னுக்கும் குறைவு. வாங்குபவருக்கு ஒன்றுமில்லாத தொகை, பண்ணைக்காரருக்கு ஓர் ஆளின் சம்பளம்.

இனி, மூட்டை அடுக்கும் விஷயம். எங்கள் ஆலைக்கு ஒருமுறை வந்த லாரியில் மேலே பொன்னிறமான சோளம். நீண்ட குத்தூசியை அடிவரை இறக்கி எடுத்தபோது, கடைசி அறையில் வந்த மணிகள் சூடாக இருந்தன. கைக்கு அருகில் கொண்டுபோனதும் பழைய ஈரச் சாக்கின் வாடை. கறுப்பு விளக்கின் கீழ் உடைத்துப் பார்த்ததில் சில மணிகள் பச்சை கலந்த மஞ்சளாக மின்னின. அது நஞ்சுப் பூசணம் இருக்கலாம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. சோதனைக் கூடத்தில் உறுதியானதும் லாரியைத் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. வறட்சியிலும் வெப்பத்திலும் மணி நிரம்பிய சோளத்தில் இந்தப் பூசணம் வயலிலேயே தொற்றிவிடும்; 2012 அறுவடையில் அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் அந்தத் தொல்லை இருந்தது. ஆகவே அங்கே காய்ந்த ஆண்டு என்று கேள்விப்பட்டால், விலையைக் கேட்பதோடு, அந்தச் சரக்கு வரும்போது, இந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சான அஃப்ளாடாக்சினுக்குரிய சோதனைச் சான்றையும் கேளுங்கள். கோழியின் ஈரலைத்தான் அது முதலில் தாக்கும். முட்டை குறைந்த பிறகுதான் பண்ணைக்காரருக்குத் தெரியும்.

நம் ஊர்க் காற்றில் இருநூறு மூட்டையை நாள்கணக்கில்லாமல் அடுக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 13 விழுக்காடு ஈரத்தோடு நன்றாகக் காய்ந்து வந்த சோளமும், மழைக்காலக் காற்றில் திறந்து கிடந்தால் ஈரத்தை உறிஞ்சி 15ஐத் தாண்டிவிடும். அரைத்த தீவனம் இன்னும் சீக்கிரம் கெடும். மூன்று வாரத்தில் விற்றுத் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பழைய மூட்டை முன்னால், புதியது பின்னால். வாரத்துக்கு ஒருமுறை அடுக்கின் நடுவில் முழங்கை வரை கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்த மூட்டையை அன்றே வெளியே எடுத்துவிட வேண்டும்.